முந்நூற்று எண்பத்தாறு மேற்கோள்கள்

தேஜான்,
ஜனவரி 12

யேசோலின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் ஆராய்ச்சிக்குப் போயிருக்கும் பாசெலில் கடும் பனி என்று செய்தியில் பார்த்தேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாம் என்றால், போன் செய்தால் கூட்டத்தில் இருக்கிறீர்கள். செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

யேசோலுக்குச் சளி விட்டது. உங்கள் அண்ணன் நேற்றுக் கூப்பிட்டார். சூசொக் பண்டிகையன்று படையல் மேசை முன் நின்று, "நம்ம கி-ஹுன் கட்டுரைய முந்நூத்தி எண்பத்தாறு பேரு மேற்கோள் காட்டியிருக்காங்க" என்று செத்துப்போன முன்னோருக்கெல்லாம் அறிவித்தாரே, நினைவிருக்கிறதா? அண்ணி பேரிக்காய் நறுக்கிக்கொண்டே, "எத்தனைக்கு முந்நூத்தி எண்பத்தாறு?" என்று கேட்டார். இப்போது, நீங்கள் முழுப் பேராசிரியர் ஆனதும் ஊர் முகப்பில் கட்டுவதற்குத் துணிப் பதாகைக்குச் சொல்லிவிட்டாராம். உங்கள் பெயரில் எழுத்துப் பிழை வரக் கூடாது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

ஹே-வொன் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு மாதமாக உங்கள் மாணவி அந்தக் கட்டுரையில் உள்ள வேதிவினையைத்தான் செய்துகொண்டிருந்தாள். உலோகம் எதுவும் சேர்க்காமலே இரண்டு மூலக்கூறுகளை இணைக்கும், உங்கள் பெயரை ஊரறியச் செய்த அதே வினை. முப்பத்தொரு முறை செய்தாள். ஒரு முறைகூட எதுவும் வரவில்லை. நீங்கள் திரையில் தோன்றி, ஆய்வகம் மொத்தத்துக்கும் கேட்கும்படி, "ராம்யன் நூடுல்ஸ் பாக்கெட்ல எழுதியிருக்கறதப் பாத்து வேகவைக்கத் தெரியும்ல? இதுவும் அவ்வளவுதான்" என்றீர்கள். அன்று அவள் என்னிடம் வந்து, "அக்கா, எனக்குக் கையே சரியில்ல போல" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆய்வகத்தில் என் மேசையில் நானே செய்து பார்த்தேன். அதே அளவு, அதே சூடு. ஒன்றும் வரவில்லை. பிறகு குடுவைக்குள் சுழலும் காந்தக் குச்சியை மட்டும் மாற்றினேன். அவள் புதுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தாள். நான், நம் பழைய குச்சிகளைப் போட்டுவைத்திருக்கும் அந்தக் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தேன். எண்பத்தெட்டு சதவீதம் விளைபொருள் வந்தது! அதே குச்சியை, உலோகத்தைக் கரைக்கும் ராஜதிராவகத்தில் ஊறவைத்துக் கழுவிவிட்டு மறுபடி செய்தேன். பூஜ்யம். கழுவிய திரவத்தைச் சோதித்தால் பல்லேடியம். பழைய சோதனைகளிலிருந்து குச்சியின் கீறல்களில் ஒட்டிக்கொண்டிருந்த உலோகம்தான் இத்தனை நாளும் வேலை செய்திருக்கிறது. ஹே-வொன் செய்த ஒரே குற்றம் சுத்தமாக வேலை செய்தது.

டிசம்பரில் இதைப் போனில் சொன்னபோது, "மார்ச் வரைக்கும் பேசாம இரு, பதவி உயர்வு முடியட்டும்" என்றீர்கள். உங்களுக்கு மார்ச் இருக்கிறது. அவளுக்கு என்ன இருக்கிறது?

உங்கள் முந்நூற்று எண்பத்தாறையும் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் என்றாவது படித்திருக்கிறீர்களா? நாற்பத்தொன்று நீங்களே உங்களை மேற்கோள் காட்டிக்கொண்டது. மற்றதில் பெரும்பாலானவர்கள் பத்தோடு பதினொன்றாகப் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். உண்மையில் செய்து பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் பதினேழு பேர், தங்களுக்கு வரவில்லை என்று நாகரிகமாக எழுதியிருக்கிறார்கள். ஆறு வருடமாக உலகம் உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எண்ணிக்கை ஏறுவதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். காலையில் எழுந்ததும் அந்த எண்ணிக்கையைக் காட்டும் இணையப் பக்கத்தைத் திறப்பீர்களே, பல் துலக்கும் முன்பே! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நீங்கள் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், நானும் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் குச்சிகளைக் கழுவியவளும் நான்தான். என் பெயர் வந்த ஒரே நல்ல கட்டுரை அது. அது போவதில் எனக்கும் வலிக்கிறது. ஆனால் தெரியாமல் செய்தது டிசம்பரோடு முடிந்துவிட்டது. இனி நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் தெரிந்தே செய்வது.

இந்த உறையில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, ஹே-வொன் படிப்பை விட்டு விலகும் விண்ணப்பம். யோசுவில் அப்பாவின் மீன் கடைக்கே போய்விடுகிறேன் என்கிறாள். உங்கள் கையெழுத்துதான் பாக்கி. இன்னொன்று, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஆய்விதழுக்கு எழுதிய கடிதம். பிழையைக் கண்டுபிடித்தவள் என்று அவள் பெயரை அதில் எழுதியிருக்கிறேன். கீழே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்கு மேலே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இரண்டில் ஒன்றில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அண்ணனிடம் பதாகையைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன். வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள், உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. மனத்தில் பாரமில்லாமல், நன்றாகத் தூங்கி எழும் மனிதராக ஊர் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கீழே கையெழுத்திட்டிருக்கும்
ப்யோ சன்-யோங்