குழந்தை அழுதால் எரியும் விளக்கைத் திருப்பித் தரக் கோரல்

அனுப்புநர்:
திருமதி இசபெல் கஸ்பர்,
மேல்பிரிவு லயம்,
ஊசிக்கல் தோட்டம்,
தலவாக்கலை.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி,
நுவரெலியா.

பொருள்: தோட்டப் பாதுகாப்பு உத்தியோகத்தர் கழற்றிச் சென்ற வீட்டுக் கருவியை மீட்டுத் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சிறு வயதில் வந்த காய்ச்சலால் எனக்குக் காது முற்றாகக் கேட்காது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பேச்சை விளங்கிக்கொள்வேன். என் கணவர் கஸ்பர் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் இயந்திரம் பார்ப்பவர். நான் முன் காம்பராவில் தையல் மெஷின் மிதிக்கும்போது எங்கள் கைக்குழந்தை றோசலின் பின் காம்பராவில் உறங்குவாள். அவள் அழுதால் எனக்குத் தெரியாது. ஒரு சட்டைக் கை தைப்பதற்குள் பல தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன்.

2. ஆகவே நான் ஒரு கருவி செய்தேன் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பழுதான கசெட் ரெக்கோடரின் மைக்கைத் தொட்டிலருகே கட்டி, பழைய ரேடியோவின் உள்பாகத்தோடும் பற்றரியோடும் இணைத்தேன். குழந்தை அழுதால் மெஷினருகே சிவப்பு விளக்கு எரியும். முதலில் நாய் குரைத்தாலும் எரிந்தது. ஒரு கொண்டென்சரைச் சேர்த்த பின், சத்தம் சற்று நேரம் நீடித்தால் மட்டுமே எரிகிறது. விளக்கு தானாக யோசிப்பதைப் போல அல்லவா, ஐயா? வாசற்பலகையில் யாரேனும் மிதித்தால் பச்சை விளக்கு எரியவும் வழி செய்தேன். ஒருநாள் இரண்டும் எரியாதபோது என் கணவர், "நீ வரைஞ்சது சரிதான் இசபெல், நான்தான் கம்பிய மாத்திப் பூட்டிட்டேன்" என்றார். மாற்றிப் பூட்டியதும் எரிந்தன. அன்று நாங்கள் இருவரும் மாறி மாறிப் பலகையை மிதித்தே சோறாக்க மறந்துபோனோம்.

3. கடந்த டிசம்பரில் பாதுகாப்பு உத்தியோகத்தர் லய வீடுகளைச் சோதிக்க வந்தார். அவர் மிதித்ததும் பச்சை எரிந்தது. நான் மகிழ்ந்து கதவைத் திறந்தேன். கம்பிகளைக் கண்டு அவர் ஏதோ கேட்டார்; அடர்ந்த மீசையால் உதடு தெரியவில்லை. சிவப்பு விளக்கை அவர் கையில் எடுத்தபோது குழந்தை அழுதிருக்க வேண்டும். அது அவர் கையிலேயே எரிந்தது. அவர் பதறிக் கீழே போட்டார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத் தயவுசெய்து மன்னிக்கவும். மறைவாகச் செய்தி அனுப்பும் கருவி என்று சொல்லி, எல்லாவற்றையும் பிடுங்கித் தோட்டக் காரியாலயத்தில் பூட்டி வைத்துள்ளார். என் கணவர் இருமுறை சென்று விளக்கியும் பயனில்லை.

4. அடுத்த வாரம் நான் பாடசாலைச் சட்டையொன்று தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காம்பரா மரியநாயகி அக்கா ஓடிவந்து என் தோளை உலுக்கினார். "என்னாடி இது, புள்ள கத்துற சத்தம் தண்ணிப் பீலி வரைக்கும் கேக்குது" என்றார். குழந்தை தொட்டிலிலிருந்து விழுந்து நெற்றி பிளந்து கிடந்தாள். நான் அதுவரை காலரை ஒழுங்காக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். இப்போது காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்தச் சட்டையை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

5. எனவே கருவியை மீட்டுத் தருமாறும், இது வீட்டுப் பாவனைக்கானது என்று சிங்களத்தில் ஒரு கடிதம் வழங்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். ஐயம் இருப்பின் கருவியையும் குழந்தையையும் தங்கள் அலுவலகமான கச்சேரிக்கே கொண்டுவந்து செய்து காட்டுவேன். தாங்கள் பார்த்தால் மகிழ்வீர்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

6. கடிதம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. றொசல்ல என்ற ஊரில் அம்மாக்கண்ணு என்ற பெண்ணுக்கும் காது கேட்காது என்று எங்கள் பங்குச் சுவாமியார் மூலம் அறிந்தேன். அவருக்கும் ஒன்று செய்து தருவதாக வாக்களித்து, பாகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கம்பியும் பற்றரியுமாக, படையினர் சோதிக்கும் ரயிலில் ஏற அக்கடிதம் இல்லாமல் எனக்கு அச்சமாக உள்ளது. அவருக்கு மாசியில் பிள்ளை பிறக்கவிருக்கிறது. அதற்கு முன் நான் போய்ச் சேர வேண்டும், ஐயா.

தங்கள் பதிலை ஆவலோடு பார்த்திருக்கும்,

இசபெல் கஸ்பர்
(கையொப்பம்)

இடம்: தலவாக்கலை
திகதி: 12.01.1985