பேஜோ என்று பெயர் மாற்றிய பிறகு

சிங்கப்பூர்
3.3.1997

அன்புள்ள மாஸ் பர்யாடி,

நம் பிள்ளைக்கு வயிறு பானை மாதிரி உப்பியிருக்கிறது, வெளிக்கே போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், பச்சைப்பிள்ளையை அறுத்துவிடுவார்கள். எல்லாம் பெயரின் பாரம்தான். சக்ரபுவானா என்று ராஜா பெயரை வைத்தால் அந்தச் சின்ன உடம்பு எப்படித் தாங்கும்? பேஜோ, அதிர்ஷ்டக்காரன் என்று லேசாக மாற்றிவிடுங்கள். பெயர் மாற்றினால் செய்கிறபடி சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சித் தெருவுக்கே கொடுங்கள். சரியாகிவிடும்.

உங்கள் முர்தினி

வோனோசோபோ
2.4.1997

அன்புள்ள முர்தினி,

நீ சொன்னபடியே பெயரை மாற்றினேன், கஞ்சியும் கொடுத்தேன். குணமாகும் என்று காத்திருந்தேன். பச்சைப் பச்சையாக வாந்தியெடுத்து, உடம்பு அனலாய்க் கொதித்த பிறகுதான் செமாராங் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குடலின் கடைசிப் பகுதியில் பிறவியிலேயே நரம்பு இல்லையாம், அதனால் மலம் நகராதாம். இப்போதைக்கு வயிற்றில் துளை போட்டு, அது வழியாகப் பையில் விழும்படி செய்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டான், பயப்படாதே. "இத்தனை நாள் என்னய்யா பண்ணிட்டிருந்தே?" என்று டாக்டர் கேட்டார். பேர் மாத்திட்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

பர்யாடி

சிங்கப்பூர்
20.4.1997

அன்புள்ள மாஸ்,

அந்தத் திட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது. நீங்கள் ஆஸ்பத்திரி என்றீர்கள், தடுத்தவள் நான். இங்கே முதலாளியம்மா பிள்ளை லேசாக இருமினாலே டாக்டரிடம் ஓடுகிறேன். பெற்ற பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சச் சொன்னேன். நான் பாவி, மாஸ். திட்டியாவது எழுதுங்கள்.

முர்தினி

வோனோசோபோ
11.11.1997

அன்புள்ள முர்தினி,

உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நானும்தானே காத்திருந்தேன்.

கெட்ட குடலை வெட்டியெடுத்து, நல்ல குடலைக் கீழே இறக்கித் தைத்துவிட்டார்கள். வயிற்றுத் துளையையும் மூடியாயிற்று. தானாகவே வெளிக்குப் போகிறான். முதல்நாள் அந்தத் துணியைத் துவைக்கவே மனசு வரவில்லை, போ. ஆனால் தையல் சுருங்காமலிருக்க, வழவழப்பான கம்பி ஒன்றை எண்ணெய் தடவித் தினமும் உள்ளே விட்டெடுக்க வேண்டும், இன்னும் பல மாதம். கதறுகிறான். என் காலடிச் சத்தம் கேட்டாலே பக்கத்து வீட்டுக்குத் தவழ்ந்து ஓடுகிறான். நேற்று, "அப்பா வேணாம்" என்றான். அவன் பேசிய முதல் பேச்சு அது.

நீ வந்தால் அந்த நேரத்தில் உள்ளே வராதே. உன்னிடமாவது அவன் பயமில்லாமல் இருக்கட்டும்.

பர்யாடி

சிங்கப்பூர்
30.11.1997

அன்புள்ள மாஸ்,

முதலாளியம்மா என்னை ஊருக்குப் போக விட்டுவிட்டார். அடுத்த வாரம் வருகிறேன். செமாராங்கில் இறங்கி நர்ஸிடம் கம்பி விடப் பழகிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன்.

நீங்கள் சொன்னதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கம்பியை என்னிடம் கொடுத்துவிடுங்கள். கைக்குழந்தையாக விட்டுவந்தவள் நான், அவனுக்கு யாரோ ஒருத்தி. என்னை வெறுத்தால் அவனுக்கு எதுவும் குறைந்துபோகாது. நீங்கள் வாசலில் நில்லுங்கள். அழுதுகொண்டே வருவான், தூக்கிக்கொள்ளுங்கள்.

முர்தினி