என் பெயரில் உள்ளே வந்தவர்

மார்ச் 3, செவ்வாய்

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடங்களை ஒலிப்பதிவு செய்யும் எங்கள் பேசும் நூலகத்தில் காலையிலேயே அமளி. அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரின் கணினி ஊமையாகிவிட்டது. திரையில் இருப்பதை அது வாசித்துச் சொன்னால்தான் அவரால் வேலை செய்ய முடியும். பிறவியிலேயே பார்வை இல்லை. நேற்று அதன் இயங்குதளமான லினக்ஸ் புதுப்பிக்கப்பட்டது, அதனால்தான் என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். ஒலி எங்கே போகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. ஒரு தேர்வை மாற்றினேன், பேசியது.

"மானிட்டருக்கா? அது என் மேசைல எதுக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது மேடம். வர்றவங்க மரியாதைக்கு வச்சிருக்கேன்," என்றார்.

வரலாறு நான்காம் பாடத்தின் ஒலிப்பதிவு சர்வரில் இல்லை. யாரோ கைதவறி அழித்திருக்கிறார்கள். பேக்கப்பிலிருந்து எடுத்து வைத்தேன். எத்தனை முறை சொன்னாலும் இவர்களுக்கு ஒழுங்கு வராது.

மார்ச் 6, வெள்ளி

ஐந்து பதிவுகள் இல்லை.

முதலில் டிஸ்கைச் சந்தேகப்பட்டேன். முழுவதும் சோதித்தேன், பழுதான இடம் ஒன்றுகூட இல்லை. இடம் நிறைந்துவிட்டதா? தொண்ணூற்றிரண்டு விழுக்காடு, நெருக்கடிதான், ஆனால் நிறையவில்லை. எப்படியும், கெட்டுப்போன டிஸ்க் ஐந்தே ஐந்தைப் பொறுக்கி அழிக்காது. அதற்கு ஒரு கை வேண்டும்.

மூன்றை மீட்டேன். உயிரியல் ஒன்பதும் பத்தும் பேக்கப்பில் இல்லை. மார்ச் 1-க்குப் பிறகு பேக்கப்பே எடுக்கப்படவில்லை! தினமும் தானாக ஓட வேண்டிய கட்டளைக்கு முன்னால் ஒரு சிறு குறி. அது இருந்தால் கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். கைதவறி விழுகிற குறி அல்ல அது. விஷயம் தெரிந்தவர் போட்டது. குறியை எடுத்துப் பேக்கப்பை ஓடவிட்டேன். செவ்வாயன்றே அதன் தேதியைப் பார்த்திருக்க வேண்டும். ஏன் பார்க்கவில்லை?

ஏப்ரல் 8-ஆம் தேதி தேர்வு. பதினேழு பிள்ளைகள். அவர்களுக்குப் புத்தகம் என்பதே இந்தப் பதிவுகள்தான்.

மார்ச் 7, சனி

வானொலிக்காரரைக் கேட்டுவிட்டேன். முப்பது வருடம் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். எங்கள் பாடங்களில் பாதி அவர் குரல்தான்.

"ஜனவரியில எங்கிட்ட பாஸ்வேர்டு கேட்டீங்களே, எதுக்கு?"

"நடுவுல வர்ற இருமலை வெட்டறதுக்கு மேடம். நீங்கதான் தரலையே."

"தரலைன்னதும் வேற வழி தேடியிருக்கலாம்."

"யாரு, நானா? டிவில சேனல் மாத்தவே எனக்கு வீட்டுல ஆள் வேணும். அதுவும் தொண்டை கட்டக் கட்ட நான் படிச்சதை நானே அழிப்பேனா?"

பதிவு அறையின் சாவியைக் கேட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓசை வராமல் மேசைமேல் வைத்தார். "செய்திகள் முடிவடைந்தன," என்று தன் வானொலிக் குரலிலேயே சொல்லிவிட்டுப் போனார். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அவர் செய்ததாகவே இருந்தால் நிம்மதி என்று தோன்றுகிறது. இது என்ன நினைப்பு.

மார்ச் 10, செவ்வாய்

கல்லூரிக் கணினித் துறையில் முப்பத்தொரு வருடம் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவள் நான். கோளாறு என்றால் முதலில் லாக்கைப் பார், அப்புறம் மனிதரைப் பார். யார், எத்தனை மணிக்கு, எங்கிருந்து உள்ளே வந்தார்கள் என்று சர்வர் தானே எழுதிக்கொள்வதுதான் லாக். நான் அதைத் திறக்கும் முன்பே ஒரு மனிதரிடம் சாவியைப் பிடுங்கிவிட்டேன்.

இன்று திறந்தேன்.

மார்ச் 1, காலை 6.20. மார்ச் 5, காலை 6.12. உள்ளே வந்தவர் பெயர்: என் பெயர். வந்த இடம்: என் வீடு.

வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய என் வீட்டுக் கணினி ஒன்றுக்குத்தான் அனுமதி உண்டு. அதன் முன்னால் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். அல்லது எங்கோ உட்கார்ந்துகொண்டு அதற்குள் புகுந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் நான் வீட்டில்தான் இருக்கிறேன். ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவேன். ஆறே காலுக்கு என்ன செய்வேன்? பால் காய்ச்சுவேன். அன்றைக்கும் காய்ச்சினேனா? காய்ச்சியிருப்பேன்.

மார்ச் 11, புதன்

வீட்டு இணைப்பின் பாஸ்வேர்டை மாற்றினேன். கணினியை முழுக்கத் துடைத்து லினக்ஸைப் புதிதாக ஏற்றினேன். சர்வருக்குள் நுழைய அதற்குப் புது அனுமதியும் கொடுத்தேன். கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடத் தச்சரை வரச் சொன்னேன்.

"ஏற்கெனவே ரெண்டு இருக்கேம்மா. உள்ள என்ன, தங்கச் சுரங்கமா?"

"கேட்டதைச் செய்ங்க."

அவர் போன பிறகு மூன்று தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் நின்றேன். பட்டப்பகல். குளிர்சாதனப் பெட்டி திடீரென்று உறுமியதற்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவர் போய் ஆறு வருடத்தில் தனியாக இருக்க ஒரு நாளும் பயந்ததில்லை. "உன்கிட்ட மாட்டினா மெஷின்கூட உண்மையை ஒத்துக்கும்டி" என்பார்.

மார்ச் 14, சனி

சர்வரில் ஒரு பொறி வைத்தேன். இனி என் பெயரில் யார் வந்தாலும் அவர்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும், தட்டிய நேரமும் தனியாக ஒரு கோப்பில் விழும்.

வரட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

கணினி மேசைமேல் ஒரு கோப்பை. பாதி குடித்த டீ. மேலே ஆடை படிந்திருந்தது. கணினிப் பக்கத்தில் தண்ணீர்கூட வைக்க விடாதவள் நான். வாசல் கதவைப் பார்த்தேன். மூன்று தாழ்ப்பாளும் போட்டபடி இருந்தன.

பொறிக்கோப்பைத் திறக்க அரை மணி நேரம் ஆயிற்று.

இன்று காலை 6.09. வந்தவர் பதற்றமில்லாமல் வேலை செய்திருக்கிறார். முதலில் டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தார். பேக்கப்பை நிறுத்தினார். பழைய பதிவுகள் என்று நினைத்து நான்கை அழித்தார். இது ஒழுங்கான முறைதான். இடம் போதவில்லை என்றால் பேக்கப்பை நிறுத்து, தேவையில்லாததைக் கழி, மறுபடி பேக்கப்பை ஓட விடு. மூன்றாவதை மறந்துவிட்டார்.

கடைசி வரியில் "sync". அடுத்த வரியில் மறுபடியும் "sync".

நினைவில் இருப்பதை எல்லாம் டிஸ்கில் எழுதி முடி என்பதற்கான கட்டளை அது. அந்தக் காலத்து இயந்திரங்களை நம்ப முடியாது என்று எங்களுக்கு இரண்டு முறை தட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது ஒரு முறைகூட வேண்டியதில்லை. என்னிடம் படித்தவர்கள் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். இந்த ஊரில் இன்னும் இரண்டு முறை தட்டுகிறவள் ஒருத்திதான்.

மார்ச் 18, புதன்

நான்தான்.

நானா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே. படுத்தது தெரியுது, குளிச்சது தெரியுது, நடுவுல ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லன்னுகூட நேத்து வரைக்கும் தெரியல. இன்னும் என்னென்ன பண்ணியிருக்கேன்? அடுப்பு? மூணு தாழ்ப்பாள் போட்டு யாரை வெளியில நிறுத்தினேன்?

மகள் போன் செய்தாள். "குரல் ஏன்மா ஒரு மாதிரி இருக்கு?" "தொண்டை கட்டியிருக்கு." சொன்னால் என்னைக் கூட்டிப் போக நாளைக்கே வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவள் வீட்டின் பின்னறை எனக்குத் தெரியும். சலவை இயந்திரம் இருக்கும் அறை.

நேற்று அழிந்த நான்கையும் மீட்டுவிட்டேன். பேக்கப் ஓடுகிறது. யாருக்கும் தெரியாது. பொறிக்கோப்பை அழித்துவிட்டால் எப்போதும் தெரியாது. ஒரு வரி தட்டினால் போதும்.

கான்வென்டில் சனிக்கிழமைதோறும் எங்கள் தவறுகளை எங்கள் கையாலேயே எழுதித் தர வேண்டும். எழுதாமல் விட்டதை சிஸ்டர் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். இங்கே கண்டுபிடிக்க யாரும் இல்லை. அதுதான் அதிகப் பயமாக இருக்கிறது.

அழிக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஆசிரியரிடம் சொன்னேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே, தேதிவாரியாக.

விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். "அஞ்சாம் தேதி காலையில எனக்குப் போன் பண்ணீங்க மேடம். ஆறே கால் இருக்கும்."

"நானா?"

"டிஸ்க் நிறைஞ்சுடுச்சான்னு கேட்டீங்க. இல்ல மேடம்னேன். சரின்னீங்க. உடனே டிஸ்க் நிறைஞ்சுடுச்சான்னீங்க. நாலு தடவை. நாலு தடவையும் முதல் தடவை கேக்கற மாதிரியே அதே குரல். எனக்குக் குரல்தானே மேடம் முகம். அன்னிக்கு அந்த முகத்துல நீங்க இல்ல."

"ஏன் சொல்லல?"

"உங்ககிட்டயா? நான் இங்க வேலை பார்க்க வேண்டாமா?"

சிரித்தேன். அப்புறம் அது சிரிப்பாக இல்லை. அவர் தடவித் தடவி நாற்காலியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் நின்றுகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது?

"டாக்டரைப் பாருங்க மேடம். அந்த லாக்கையும் எடுத்துட்டுப் போங்க."

மார்ச் 22, ஞாயிறு

வானொலிக்காரர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை.

"மேடம், இன்னும் ஏதாவது சாவி பாக்கி இருக்கா?"

"இந்தாங்க, உங்க சாவி. அழிச்சது நான்தான். எனக்கே தெரியாம. தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க." வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் வேறு. ஒன்றும் வரவில்லை.

சாவியை வாங்கிக்கொண்டார். "எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. இப்ப வாசல்ல நின்னு தனியா சொல்றீங்க."

"செவ்வாய்க்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"அப்ப அன்னிக்கே உயிரியல் ஒன்பது, பத்து ரெண்டையும் படிச்சுடறேன்," என்றார். "உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

மார்ச் 23, திங்கள்

மகளிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். உடனே புறப்பட்டு வந்துவிட்டாள். பின்னறையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் நூலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி முடித்தேன். சொல்லும்போது மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

மாலையில் நரம்பு டாக்டர். முப்பத்தைந்து வயதுப் பெண். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், கடிகாரம் வரையுங்கள் என்றார். எல்லாம் சரியாகச் செய்தேன். அதுவும் பயமாக இருந்தது. இவ்வளவு சரியாகச் செய்கிறவள் எப்படி?

அச்செடுத்த லாக்கைக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார்.

"எல்லாமே ஆறுல இருந்து ஆறரைக்குள்ள. நீங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"அஞ்சே முக்கால்."

"வயசானவங்க மறதி காலை அரை மணி நேரம் மட்டும் வந்துட்டுப் போகாதும்மா. இது ஒருவகை வலிப்பா இருக்கலாம். கை கால் இழுக்காது. எழுந்ததும் வரும். ஆள் நடமாடுவாங்க, பேசுவாங்க, வேலைகூடச் செய்வாங்க. எதுவும் மனசுல பதியாது. மூளைக்கு ஒரு பதிவு எடுத்துப் பார்ப்போம். மாத்திரை கேக்கும்னு நினைக்கிறேன். கண்டிப்பா கேக்கும்னு இப்பவே சொல்ல மாட்டேன்."

"கேக்கலைன்னா?"

"வேற மாத்திரை பார்ப்போம். இந்தத் தாள் மட்டும் இல்லைன்னா வெறும் மறதின்னு எழுதி அனுப்பியிருப்பேன்."

தாளின் ஒரு நகலை அவர் வைத்துக்கொண்டார். மகள் வழியில் என் கையை விடவில்லை. நானும் உதறவில்லை.

மார்ச் 27, வெள்ளி

நேற்று பரிசோதனை முடிந்தது. மாத்திரை இரண்டு வேளை. தலை பஞ்சு மாதிரி இருக்கிறது.

சர்வரின் முழு அதிகாரத்தை ஆசிரியருக்கு மாற்றினேன்.

"எனக்கா மேடம்? கண்ணு தெரியாதவன் கைல கொத்துச் சாவியைக் குடுக்கறீங்க."

"கண்ணு தெரிஞ்சவ கைல இருந்து என்ன ஆச்சுன்னு பார்த்தீங்க இல்ல?"

அவர் நுழைந்து ஒரு கோப்பை உண்டாக்கி அழித்துக் காட்டும் வரை என் அதிகாரத்தை விடவில்லை. இரண்டு முறை சோதித்தேன். பிறகு அதிகாரம் உள்ளவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை நானே எடுத்தேன். இனி நான் பதிவுகளைப் பார்க்கலாம், கேட்கலாம். தொட முடியாது. எந்தத் தடையும் இல்லாமல் முடிந்துவிட்டது, ஒரு வரி.

தப்பான பெயரை எடுத்துவிட்டேனோ என்று திரும்பப் பார்த்தேன். என் பெயர்தான்.

மார்ச் 31, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. நடந்தாலும் எனக்குத் தெரியாது. தினமும் ஏழு மணிக்கு மேல் லாக்கைப் பார்த்துத்தான் நான் என்ன செய்தேன் என்று தெரிந்துகொள்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மகள் கிளம்பினாள். தினமும் ஏழு மணிக்குப் போன் செய்வதாக ஏற்பாடு. அடுப்புக்குத் தானாக அணையும் கருவி வாங்கி மாட்டியிருக்கிறாள். திட்டினேன். அவள் வண்டி தெருமுனை திரும்பியதும், என்னோடு நானே தனியாக இருக்கப் பயந்து, பட்டப்பகலில் கதவைச் சற்று நேரம் திறந்தே வைத்திருந்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஏழு மணிக்கு மகளிடம் நன்றாகத்தான் பேசினேன். பிறகு லாக்கைத் திறந்தேன்.

காலை 6.14. என் பெயர். என் வீடு. உயிரியல் பாடங்களின் கோப்புறையையே அழிக்கச் சொல்லிக் கட்டளை. அனுமதி இல்லை. மறுபடி அதே கட்டளை. அனுமதி இல்லை. மூன்றாவது முறை எழுத்துகள் தாறுமாறாக இருக்கின்றன. கோபமாகத் தட்டியிருப்பேன் போலிருக்கிறது. அனுமதி இல்லை.

டாக்டரிடம் சொல்ல நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஆசிரியரை அழைத்தேன். "எனக்குத் தகவல் வந்துடுச்சு மேடம். நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றார். இருக்கிறேன் என்றேன்.

இத்தனை வருடத்தில் எந்தக் கணினியும் எனக்கு அனுமதி இல்லை என்று சொன்னதில்லை. மூன்று வரியையும் மறுபடி படித்தேன். பிறகு பாடங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். நாற்பத்தொன்று. எல்லாம் இருக்கின்றன.