ஆறு நாள் கூடாரச் சாப்பாடு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சௌகரியம், என் வலது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே, அது தனிக்கட்சி நடத்துகிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா பெயருக்குத்தான் எழுதியிருந்தாய், அதை நான் கவனிக்காமல் இல்லை. அவள் படித்துவிட்டு என் முன்னால் வைத்து, இது உங்க வேலை, எதையும் அளந்து பாக்காம நம்பாத ஆளு நீங்கதானே என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, போகப் போகத் தெரியும்.

அடுத்த மாதக் கடைசியில் ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேரோடு ஆறு நாள் மலையில் நடக்கப் போகிறாய், கூடாரத்தில் தங்கல், கறி சாப்பிடாத ஆள் நீ ஒருத்திதான். போன வருஷம் மூன்று நாள் போனபோது ரொட்டியும் பிஸ்கட்டும் தின்றே சமாளித்ததாகவும், இரண்டாம் நாள் ஏற்றத்தில் கண் இருட்டிப் பாறையில் உட்கார்ந்துவிட்டதாகவும் இப்போதுதான் எழுதுகிறாய், அதுவும் ஏதோ வேடிக்கை போல. அப்பாவுக்குத் தெரிந்தால் பாடம் எடுப்பார் என்று பயந்திருப்பாய். எடுக்கத்தான் போகிறேன்.

கடிதம் வந்த மறுநாளே மொட்டைமாடியில் ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு ஒன்றை வைத்து, ஒரே பாத்திரம், ஒரே கரண்டி, வேறு எதுவும் கிடையாது என்று தீர்மானம் செய்துகொண்டு தினமும் சாயங்காலம் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். எதிர்மாடித் தையற்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, என்ன சார், வீட்டம்மா வெளிய தள்ளிட்டாங்களா என்று கேட்டார். அவரோடு நான் பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது, அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது, நான் மறக்கவில்லை. கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். கொண்டைக்கடலையைப் பச்சையாகத் தூக்கிக்கொண்டு போகாதே, மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் ஆனால் அந்தச் சூடு கடலைக்குப் போதாது, கேஸ் தீரும்வரை வெந்தாலும் அது கல்லாகவே இருக்கும். வீட்டிலேயே குழைய வேகவைத்து, தட்டில் பரப்பி, ஓவனில் குறைந்த சூட்டில் மொறுமொறு என்று காயவைத்து எடுத்துப் போ, அங்கே தண்ணீரில் கால் மணி ஊறவைத்துப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டால் போதும். தக்காளி, வெங்காயம், காரட்டையும் மெல்லிசாக நறுக்கி இப்படியே செய். மசூர் பருப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, அப்படியே போடலாம். பச்சைப் பயறை இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி முதுகுப்பைக்கு வெளியே தொங்கவிட்டு நட, துணி காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டாம் நாள் முளைவிட்டிருக்கும், உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தின்றால் பச்சைக் காய் இல்லாத குறை தெரியாது. சின்ன பாட்டிலில் எண்ணெய் கட்டாயம் வேண்டும், எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பூன் ஊற்று, நடக்கிறவர்கள் பெரும்பாலும் பட்டினி கிடப்பது எண்ணெய் இல்லாமல்தான். வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், பசித்த பிறகு தின்பது அல்ல அது, பசிக்கும் முன்னால் தின்பது. ஒரு நாளைக்கு அறுநூறு கிராம் உலர்ந்த சாப்பாடு, அதற்குக் குறையவே கூடாது. வெந்நீர் ஊற்றினால் ரெடி என்கிற பாக்கெட்டுகளை நம்பாதே, அது ஒரு பூனைக்குக்கூடக் காணாது. சூப் கட்டிகளை வாங்கினால் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படி, காய்கறிப் படம் போட்டிருக்கும், உள்ளே கோழிக் கொழுப்பு இருக்கும். முப்பது வருஷமாக உணவுப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, சாப்பிட்டு முடித்தும் சாப்பாடு ஆரம்பிக்காத மாதிரி. நாலாம் நாள் கடலையை எண்ணெயில் வதக்கிப் புளிப்பாகத் தக்காளி சேர்த்துச் செய்தேன், பாத்திரத்தை வழித்துத் தின்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பதினாறு வயதில் நீ கறியை விட்டதிலிருந்து வீட்டை விட்டுப் போகும்வரை எங்கள் மேஜையில் எதைச் சாப்பிட்டாய்? நாங்கள் சாப்பிட்டதில் கறியைக் கழித்தால் மிச்சம் என்னவோ அதை. கழித்தால் மிஞ்சுவது சாப்பாடு ஆகாது, அது மிச்சம்தான். உனக்கென்று யாரும் யோசித்துச் சமைக்கவில்லை. நான் ஒரு பதினோரு வாரம் உனக்கென்று தனியாகச் சமைத்தேன், அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, இவ்வளவு நேரம் கடலையைச் சுற்றிச் சுற்றி வந்ததும் அதனால்தான்.

உங்கள் கூட்டத் தலைவர், எல்லாரும் கேப்டன் என்று கூப்பிடுகிற அந்த ஆள், ராத்திரிச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பாத்திரம்தான், கறித்துண்டை ஒதுக்கிட்டுச் சாப்பிட்டாப் போச்சு, குழம்பு என்ன ஓடிவந்து கடிக்கவா போகுது என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நீயும் சிரித்துவிட்டதாக, ஒருத்திக்காக எட்டுப் பேரைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று தோன்றுவதாக எழுதியிருந்தாய். படித்ததும் ரத்தம் கொதித்தது. இவன் யார் என் பெண்ணிடம் இப்படிச் சொல்ல என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

உன் பெரியப்பா வீட்டு விருந்து உனக்கு நினைவிருக்கும், நீ கறி வேண்டாம் என்று தட்டை மூடிக்கொண்ட முதல் தடவை. அவர் எல்லார் முன்னாலும், தம்பி வீட்டுல ஆட்டுக்குட்டி ஒண்ணு வளருதுப்பா, இலைதழை போடுங்க என்றார், எல்லாரும் சிரித்தார்கள். நீ கண்டுகொள்ளவே இல்லை. நான் இன்றுவரை அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் கோபத்தை அவர்மேல் மட்டும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, உன்மேலும் வைத்தேன். அந்த மாதமே உனக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் பருப்பை நான்தான் சமைத்தேன். எலும்பைக் கொதிக்கவைத்த சாற்றில் சமைத்தேன். மேலே ஒரு துளி கொழுப்பு மினுங்கக்கூடாது என்று ஆபீஸிலிருந்து வடிதாள் கொண்டுவந்து மூன்று தடவை வடிகட்டினேன். வாரம் இரண்டு தடவை, பதினோரு வாரம். நீ ஒரு நாள், "அப்பா, இன்னிக்குப் பருப்பு சூப்பர், அம்மா செய்யறதைவிட நல்லா இருக்கு" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்டாய். போட்டேன்.

உன் உடம்புக்காகச் செய்தேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். அது பொய். எலும்புச் சாற்றில் இரும்புச்சத்து பெயருக்குத்தான் இருக்கும் என்பது எனக்கு அப்போதே தெரியும், அதுதானே என் பிழைப்பு. உன் ரத்தம் ஏறியது மாத்திரையால். நான் செய்தது, நீ என்னை எதிர்த்து ஜெயிக்கவில்லை என்று எனக்குள் ஒருவனுக்குக் காட்டுவதற்காக. அம்மாவுக்குப் பன்னிரண்டாவது வாரம்தான் தெரிந்தது, குப்பையில் வடிதாளைப் பார்த்துவிட்டாள். அவ கண்டுபிடிச்சா இந்த வீட்டுல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டா, நீங்களே சொல்லிடுங்க என்றாள். அடுப்பை அன்றோடு விட்டேன், சொல்லத்தான் இல்லை.

அதே வருஷம்தான் அந்த சூப் பவுடர் விவகாரம். மாமிசம் கலக்காதது என்று லேபிள் போட்டு வந்தார்கள், என் பரிசோதனையில் கலந்திருப்பது தெரிந்தது, கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என்கூட வேலை பார்த்தவர், நான் சிரிச்சமுகம் என்று பெயர் வைத்திருக்கிறேனே, அவர் சிரித்துக்கொண்டே போட்டார், அவர் இயக்குநர் ஆனார், என்னைத் தண்ணீர்ப் பிரிவுக்குத் தள்ளினார்கள், இன்றும் அங்கேதான் பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதையை எத்தனை தடவை சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருப்பேன்! நீ உன் சிநேகிதிகளிடம், எங்கப்பா பொய்க் கையெழுத்துப் போடாத மனுஷன் என்று சொன்னதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிச்சமுகத்தை நான் மன்னிக்கப் போவதில்லை, அது வேறு. ஆனால் அவர் முகம் தெரியாதவர்களுக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன்.

அதனால் கேப்டனிடம் சிரித்து மழுப்பாதே. உனக்குத் தனிப் பாத்திரம் வேண்டும் என்று புறப்படும் முன்பே சொல். அது முடியாது என்றால் பொதுப் பாத்திரத்தில் முதலில் எல்லாருக்கும் பருப்பும் காயும் வேகட்டும், உன் பங்கை எடுத்த பிறகு அவர்கள் கறியைப் போட்டுக்கொள்ளட்டும், எட்டுப் பேருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒதுக்கிவிட்டுச் சாப்பிடு என்று சொல்கிறவன் உன் தட்டைப் பற்றிப் பேசவில்லை, உன் பேச்சுக்கு என்ன மதிப்பு என்பதைப் பற்றிப் பேசுகிறான். அந்த மாதிரி ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆறு நாளைக்கும் வேண்டிய கடலை, காய், பருப்பு, ஓட்ஸ் எல்லாம் காயவைத்து, நாளுக்கு ஒன்றாக ஆறு பையில் கட்டி வைத்திருக்கிறேன். தபாலில் போடவில்லை. இதைச் சொல்லாமல் அனுப்பினால் மறுபடியும் அதே வேலை செய்த மாதிரி ஆகும். நீ அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். என் கையால் சாப்பிட்டது போதும் என்று தோன்றினால் அதையும் எழுது, அளவுப் பட்டியல் இத்துடன் இருக்கிறது, நீயே செய்துகொள்ளலாம், நேரம் இருக்கிறது. எதுவும் எழுதத் தோன்றவில்லை என்றாலும் புரிந்துகொள்வேன், ஆனால் பசியோடு மட்டும் மலை ஏறாதே. கோபத்தை என்மேல் காட்டு, வயிற்றின்மேல் காட்டாதே.

நீ நீண்ட ஆயுளோடும் திடமான உடம்போடும் நினைத்த உயரம் எல்லாம் ஏறி இறங்கி வர வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். குளிர் சட்டை இரண்டு எடுத்துக்கொள். இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே. இன்னொன்று. இந்த ஆறு பைக்கும் அடுப்பு பற்றவைத்ததிலிருந்து வாய் கட்டியதுவரை அம்மா என் பக்கத்திலேயே நின்றாள். நான்தான் நிற்கச் சொன்னேன். என்னை நம்ப வேண்டாம், அவளைக் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா