இடது பக்கம் சுழலும் குழல்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நான் சௌக்கியம், முழங்காலைத் தவிர அம்மாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ கைபேசியில் அனுப்பும் பொம்மைப் படங்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது, நாலு வரி எழுது.

நீ டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாயே என்றுதான் அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன், கண்ணாடிக் கண்காட்சி பார்க்கும் ஆசையில் அல்ல. அங்கே உன் சித்தப்பா வேலை பார்க்கிறான் என்பதை நீ மறைத்ததைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். பதினோரு வருடமாக நான் அவன் முகத்தில் விழிக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு வாரத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நாங்கள் இருவரும் நடத்திய கண்ணாடிப் பட்டறையின் உலையை அணைத்தவன் அவன். கண்ணாடி உலை வீட்டு அடுப்பு அல்ல, ஒருமுறை குளிர்ந்தால் உள்ளே கண்ணாடி உருக்கும் பானை விரிசல் விட்டுவிடும், அப்புறம் அது வெறும் செங்கல் குவியல். கேட்டதற்கு, தனியா நான் என்னண்ணா பண்ணுவேன் என்றான். சாக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன்தான் நான்.

கூடத்தின் நடுவில் ஒரு நிஜ ஊதுகுழல், எதிரே ஆள் உயரத் திரை. குழலில் ஊதினால் திரையில் கண்ணாடி உப்புகிறது, சுழற்றினால் சரியாமல் நிற்கிறது. இருபத்திரண்டு வருடம் ஊதியவனாயிற்றே என்று நானும் போய் நின்றேன். ஜாடி பாதி வளர்வதற்குள் ஒரு பக்கமாகத் தொங்கி வழிந்துவிட்டது, மூன்று தடவையும். அங்கே விளக்கம் சொல்ல நின்ற பெண், பெரிய ஜாடிக்கு ஊத ஒருத்தர், சுத்த ஒருத்தர் வேணும் சார், தனியா யாராலயும் முடியாது, கூட யாரும் வரலையா என்றாள். நான் குழலைத் திரும்ப வாயில் வைத்தேன். நான்காவது தடவை ஊதும்போது குழல் தானாகச் சுழன்றது. திரும்பினால் அவன், தலை முழுக்க நரைத்துப் போய். இடதுகைக்காரன் அல்லவா, பழையபடி இடது பக்கமாகவே சுழற்றினான். ஜாடி அழகாக எழுந்தது, உடனே திரை சிவந்து, தவறான திசை என்று காட்டி அழித்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! அந்தத் திரையை அமைத்த கணினிப் பொறியாளரை வரவழைத்து, இந்தக் கையால் சுழற்றிய ஜாடியில் என்ன தவறு கண்டாய் என்று அரைமணி நேரம் கத்தினேன். விடுண்ணா, வலதுகைக்காரங்க சுத்துறத மட்டும் பதிவு பண்ணி வச்சுட்டாங்க என்றான் இவன். நீ சும்மா இருடா, உன்னை ஏன் பதிவு பண்ணலை என்றேன். என் சுத்துக்கு ஊத யார் இருக்கா என்றான்.

புதன்கிழமை இருவரும் வந்தால் இடது பக்கத்தையும் பதிவு செய்வதாகப் பொறியாளர் சொன்னார். போகிறேன். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று அம்மாவிடம் போன் போட்டுக் கொண்டாடாதே, மன்னிக்கவில்லை. குழலுக்கு இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான்.

குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் சித்தப்பாவின் நம்பரை அனுப்பு. புதன்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அவனிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா