பத்து மணிக்கு முன்

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

நேரில் சொன்னால் எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று அந்தப் பள்ளி வேன் டிரைவர் பாதி உண்மையைச் சொல்லிவிட்டானாம். நீ மேசையில் அறைந்து, "நீயெல்லாம் மனுஷனாடா?" என்று கத்தியதும் வாயை மூடிக்கொண்டானாம். உங்கள் ஸ்டேஷன் ஏட்டையா சொன்னார். இன்று பத்து மணிக்கு மறுபடி விசாரணை. அவன் வாயிலிருந்து ஆதாரம் எதுவும் கிடைக்காவிட்டால், அந்த ஆறு வயதுக் குழந்தை தனக்கு நடந்ததைக் கோர்ட்டில் சொல்வதை நம்பித்தான் கேஸே நிற்கும்.

நான் பழைய மெஷின் வாங்கி விற்பவன். மெஷினில் உள்ள விரிசலை மறைத்து என்னிடம் விற்க வருபவனிடம் கோபப்பட்டதே இல்லை. "நல்லா வச்சிருக்கீங்கண்ணே, எத்தனை வருஷமா ஓடுது?" என்று கேட்டபடி உட்கார்ந்துவிடுவேன். பேசப் பேச அவனே விரிசலைச் சொல்லிவிடுவான். எனக்கு லாபம் வந்தால் போதும், வெட்கமில்லை. அந்த டிரைவரிடம் இப்படிப் பேச உனக்குக் குமட்டும், தெரியும்.

நம் பெண் கேட்டாள்: "என்னைக் குளிப்பாட்டும்போது அம்மா ஏன்ப்பா அழுறாங்க?"

சோப்பு கண்ணில் பட்டிருக்கும் என்றேன். ஊரையே நம்ப வைப்பவன் நான், அவள் நம்பவில்லை.

முடியாவிட்டால் கேஸை வேறு ஆளிடம் கொடுத்துவிடு, கேவலமில்லை. முடியுமென்றால், "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று மெதுவாக ஆரம்பி. அவன் முன்னால் விழுங்கிய கோபத்தையெல்லாம் வந்து என்மேல் கொட்டு. இன்று கடை திறக்கமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்