செம்மண் பட்ட தட்டு

திங்கள், 3 யூலை

விடியவே சோழகக் காற்று. கொடியில் போட்ட என் சாரம் பக்கத்து வீட்டு வேலியில். இன்னும் எடுக்கவில்லை.

முதலாம் பாடம் அதிபரின் அறையில். நின்றபடி. காரணம்: போன மாதம் பீ.ரீ. மாஸ்டரின் விசிலில் பலாப்பால் பூசியது. விசில் அவர் உதட்டை விட்டு வர மாட்டேன் என்றது. உதடும் விசிலை விட மாட்டேன் என்றது. ஒட்டின உறவு. தேங்காயெண்ணெய் கொண்டு ஓடிப்போய்ப் பிரித்து வைத்தவனும் நான்தான். அதை ஒருவரும் கதைப்பதில்லை.

அதிபர்: "சனிக்கிழமை போட்டி முடியுமட்டும் உம்மிலை ஒரு முறைப்பாடும் வரப்படாது. வந்தால் நீர் ரீமிலை இல்லை. விளங்குதோ?"

"ஓம் சேர்."

"என்ன சிரிப்பு?"

"முகமே இப்பிடித்தான் சேர்."

வெளியே யோகண்ணை. எங்கள் கப்டன். இந்தத் தவணையோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறவர். ஏழு பேர் விளையாடும் விளையாட்டு இது. ஒன்பது பேர் இருந்தோம். ஒருவனுக்குக் கூகைக்கட்டு, கன்னம் பலாப்பழம். இன்னொருவன் மாமாவின் கலியாணத்துக்குக் கண்டிக்குப் போய்விட்டான். மிச்சம் ஏழு. நான் போனால் ஆறு. ஆறு என்றால் வீட்டுக்குப் போகலாம்.

"டேய் சுதன், சனி வரைக்கும் மனிசனா இருடா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"பழக்கமில்லை அண்ணை. பாப்பம்."

இன்றுமுதல் ஒவ்வொரு நாளும் குறும்பு எத்தனை என்று எழுதுவேன். சுருக்கமாகக் கு.

கு: 0.

செவ்வாய், 4 யூலை

காற்று அப்படியே. பின்னேரம் பயிற்சி.

போன வருடம் ஆங்கிலம் படிப்பிக்க வந்த வெள்ளைக்கார மாஸ்டர் போகும்போது நாலு பள்ளிக்கூடத்துக்கு ஆளுக்கொரு பிளாஸ்ரிக் தட்டும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு வெள்ளிக் கிண்ணமும், றோணியோ அடித்த ஒரு விதித்தாளும் விட்டுப் போனார். விளையாட்டின் பெயர் பிறிஸ்பீ. கடைசி எழுத்தை வீட்டுக்குள் சொன்னதற்கு அம்மா அகப்பையைத் தூக்கினா. அன்றிலிருந்து தட்டு.

விதி இவ்வளவுதான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, எறியத்தான் வேண்டும். எதிராளியில் கை படக்கூடாது. எதிர்ப்பக்கத்து எல்லைக் கட்டத்துக்குள் நம்மாள் பிடித்தால் ஒரு புள்ளி. நிலத்தில் பட்டால் தட்டு மற்றப் பக்கத்துக்கு. முதலில் பதினொன்று எடுத்தவர் வெற்றி. நடுவர் கிடையாது. பிழை விட்டவன் தானே வாய் திறந்து சொல்ல வேண்டும். பட்டதா படவில்லையா என்று தகராறு வந்தால், கிட்ட நின்று பார்த்தவன் சொல்வதே முடிவு.

பீ.ரீ. மாஸ்டருக்கு இது ஜீரணமாகவில்லை. "நடுவர் இல்லாமல் என்ன விளையாட்டு? கள்ளரை வைச்சுப் பொலிஸ் நடத்துறதோ?" என்னைப் பார்த்துக்கொண்டு. கையில் புது விசில். ஊத வேலையில்லை. பாவம்.

அம்மா: "கோப்பை எறிஞ்சு கிண்ணம் வாங்கப் போறியளோ? நான் கொப்பருக்கு எறிஞ்ச கோப்பையளுக்கு இந்நேரம் ஒரு அலுமாரி கிண்ணம் வந்திருக்க வேணும்."

என் வாய் எங்கிருந்து வந்தது என்று ஆராயத் தேவையில்லை.

இன்று கண்டும் சும்மா விட்டவை: ஆசிரியர் அறை வாசலில் கட்டாத ஆடு ஒன்று. பீ.ரீ. மாஸ்டரின் சைக்கிள், பூட்டாமல். இரசாயனகூடத்தில் திறந்த ஊதா மை. கரும்பலகையில் "ஆசிரியர் கூட்டம்", பக்கத்தில் துடைக்கும் துணி, முதல் சொல்லை மட்டும் துடைத்துவிட்டு "ஆட்டுக்" என்று எழுத இடம் தாராளம். அந்த ஆட்டையும் சேர்த்து நினைத்தபோது இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கு: 0.

புதன், 5 யூலை

கந்தோர் யன்னலுக்குக் கீழே சப்பாத்துக் கட்டினேன். நெடுநேரம் கட்டினேன். உள்ளே அதிபரும் யோகண்ணையும்.

"விடுகைப் பத்திரத்திலை விளையாட்டு எண்ட இடத்திலை ஒரு கோடுதான் கிடக்கு சேர். அடுத்த மாதம் கிளாக் வேலை இன்ரவியூ. அதிலை ஒரு வரி எழுதித் தந்தால்…"

"பங்குபற்றினதுக்கெல்லாம் நான் எழுதிறேல்லை. கிண்ணத்தைக் கொண்டு வாரும். தலைமை தாங்கி வென்றவர் எண்டு என்ரை கையாலை எழுதுறன்."

யோகண்ணையின் ஐயாவுக்கு வெங்காயத் தோட்டம். வேலை கிடைக்காவிட்டால் மண்வெட்டி தயார் என்று சொல்லிவிட்டாராம். யோகண்ணைக்குக் கிரிக்கெட்டில் இடம் கிடைத்ததில்லை. உதைபந்தில் மற்றவர்களின் மேலங்கி காத்தவர். ஓட்டத்தில் நாலாமிடம், ஓடினது நாலு பேர். இந்தத் தட்டு ஒன்றுதான் அவர் கைக்கு வந்து நிற்கிறது.

அப்படியானால் சனிக்கிழமை ஒரு வரிக்கான போட்டி. ஒரே ஒரு வரி.

கு: 0.

வியாழன், 6 யூலை

பயிற்சி. காற்றோடு எறிந்த தட்டு மதில் தாண்டி வாழைத் தோட்டத்துக்குள். உள்ளிருந்து: "ஆற்றையடா இது? குலையை முறிச்சுப் போட்டியள்!" ஆறு பேரும் என்னைக் காட்டினார்கள். எறிந்தது யோகண்ணை. நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிழை விடாமல் கேட்டது இதுதான் முதல்முறை. ருசி இல்லை.

பிறகு ஒரு தரம் என் கை எதிராளியில் பட்டது. விதிப்படி நின்று, "என்ரை பிழை" என்றேன்.

"சும்மா இரடா, என்ன பகிடி?"

"மெய்யா பட்டது."

"உவன் எதுக்கோ அடிப்போடுறான். தட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ!"

நான் உண்மை சொன்னால் எல்லோரும் தங்கள் பையைத் திறந்து பார்க்கிறார்கள்.

கு: 0.

சனி, 8 யூலை

போட்டி எங்கள் மைதானத்தில். சோழகம், செம்புழுதி. எல்லோருக்கும் வெள்ளைச் சேட். யார் யோசித்ததோ.

காலை: கொழும்புத்துறைப் பெடியளோடு 11–7. அவர்கள் எறிந்த தட்டெல்லாம் காற்று வாங்கிக்கொண்டு போனது. மத்தியானம் சோறு, மரக்கறி, ஆளுக்கொரு வாழைப்பழம். (வாழைத் தோட்டக்காரர் கொடுத்தனுப்பியது. பிழை பொறுத்துவிட்டார், அல்லது முறிந்த குலை.)

பின்னேரம் இறுதி. நெல்லியடிப் பக்கத்திலிருந்து வந்த பள்ளிக்கூடம். அவர்களின் கப்டன் சந்திரன். நெடுவல். கடற்கரை வீடு. தட்டைத் தூக்குமுன் விரலை நனைத்துக் காற்றைப் பார்க்கிறவன். காற்று அவன் சொன்னபடி கேட்டது. இரண்டு தரம் தானே நின்று, "என்ரை பிழை, தட்டு உங்களுக்கு" என்றான். கேளாமலே. சனம் கை தட்டியது. பீ.ரீ. மாஸ்டர் விசிலை வாயில் வைத்து வைத்து எடுத்தார்.

10–10. கடைசிப் புள்ளி.

நான் எறிந்தது அல்ல. எங்களில் ஒருவன் காற்றை மறந்து எறிந்தான். தட்டு எல்லைக் கட்டத்தில் சரிந்து விழப் போனது. யோகண்ணை பாய்ந்தார், நெஞ்சு நிலத்தில், கை முன்னால். புழுதி. புழுதி விலக, எழுந்து நிற்கிறார், தட்டு கையில். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

சந்திரன் பின்னாலிருந்து ஓடிவந்தான். "நிலத்திலை பட்டதோ?"

யோகண்ணை என்னைப் பார்த்தார்.

சந்திரனும் திரும்பினான். "தம்பி, நீர்தான் கிட்ட நிண்டனீர். கண்டனீரோ?"

"கண்டனான். படேல்லை. நல்லாப் பிடிச்சவர்."

"சரி," என்றான். அவ்வளவுதான். மற்றக் கேள்வி இல்லை. கை நீட்டினான். யோகண்ணையும், "ஓம்," என்றார்.

அதற்குப் பிறகு கத்தல், தூக்கல், ஒரே புழுதி. தட்டு என் கைக்கு வந்தது. விளிம்பில் நாலு விரல் நீளத்துக்குச் செம்மண், வியர்வையில் ஈரமாக. சேட்டில் துடைத்தேன்.

சொன்னது அது. கண்டது: முதலில் விளிம்பு நிலத்தில் பட்டுக் கீறியது. பிறகுதான் கை. இந்தக் கொப்பியை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

விதித்தாளின் கடைசி வரி: ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு ரீமும் மற்ற ரீமில் நேர்மையானவனுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். நாங்கள் சந்திரனுக்கு யோகண்ணை வீட்டு வெங்காயம், ஒரு பிடி. அவர்கள் கூடிக் குசுகுசுத்து, ஒரு துண்டில் பெயர் எழுதிப் பீ.ரீ. மாஸ்டரிடம் கொடுத்தார்கள். பரிசு, சந்திரனின் அம்மா சுட்ட பருத்தித்துறை வடை, ஒரு பை.

பெயர்: என்னுடையது.

சந்திரன்: "கேட்டதுக்கு டக்கெண்டு சொன்னீர். எங்களுக்கு அது காணும்."

இவர்களுக்கு என்னைத் தெரியாது. அதுதான் விஷயம்.

கு: 0. அதிபரின் கணக்கில்.

ஞாயிறு, 9 யூலை

வெயில். எழும்ப மனமில்லை.

கிணற்றடியில் அம்மா. "என்னடா இது, நேற்றுப் பாத்தனான், எல்லாற்றை சேட்டிலையும் முழங்கையிலைதான் மண். உனக்கு வயித்திலை, துடைச்ச மாதிரி?"

"விழுந்தனான்."

"விழுந்தால் இப்பிடி ஒரு கோடாவோ படும்? செம்மண் போகாது. இனி வீட்டிலை போடு."

வடை: தங்கச்சி ஐந்து, ஐயா ஆறு, அம்மா மூன்று. நான் ஒன்று கடித்தேன். நல்ல மொறுமொறு. வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தம். மிச்சத்தை வைத்துவிட்டேன்.

கணித வீட்டுவேலை செய்யவில்லை.

கு: 0.

திங்கள், 10 யூலை

காலைக் கூட்டம். கிண்ணம் மேசையில். யோகண்ணை மேடையில், தலைமயிர் எண்ணெயில். அதிபர் நாலு வசனம் புகழ்ந்தார். பிறகு துண்டை எடுத்தார். "எதிரணியினர் தெரிவுசெய்த, மிக நேர்மையான வீரர்…"

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி வாசித்தார். என் பெயர்.

முதலில் பின்வரிசை. பிறகு முழு மண்டபமும். சின்னப் பிள்ளைகள்கூட. ஒருவன் வாங்கிலிருந்து விழுந்தான். இவ்வளவு வருடமாக எத்தனை பாடுபட்டும் இப்படி ஒரு சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

அதிபர்: "இந்தக் கையெழுத்து உம்முடையதோ?"

"இல்லை சேர்."

"பலாப்பாலிலை ஒட்டினதோ?"

மண்டபம் இரண்டாம் முறை.

என்னைக் காப்பாற்றியது பீ.ரீ. மாஸ்டர். எழுந்து நின்று, "என்ரை கையிலைதான் சேர் தந்தவங்கள். எனக்கும் நம்பேலாமல்தான் இருந்தது. ஆனால் பெடியன் ஒரு கிழமை ஒரு சேட்டையும் செய்யேல்லை. அதைச் சொல்லத்தான் வேணும்."

விசிலை விட அது பலமாகக் கேட்டது.

யோகண்ணை மட்டும் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கு: எழுதவில்லை.

செவ்வாய், 11 யூலை

காற்று இன்னும் கூட. சைக்கிள் கொட்டிலில் இரண்டு சைக்கிள் சரிந்து கிடந்தன. நானல்ல.

பள்ளி விட்டதும் அங்கேதான் யோகண்ணை. கையில் விடுகைப் பத்திரம். அதிபரின் பச்சை மை, வளைந்த எழுத்து: விளையாட்டு என்ற இடத்தில் கோடு இல்லை, ஒரு வரி. "வாசி," என்றார். வாசித்தேன். நல்ல வரி.

"இன்ரவியூவிலை கேப்பாங்கள். கடைசிப் புள்ளி எப்பிடி எடுத்தனீர் எண்டு. நான் என்ன சொல்லுறது?"

"பாஞ்சு பிடிச்சனான் எண்டு."

"சுதன், கண்ணுக்கை மண். நான் ஒண்டும் காணேல்லை. கையுக்கை தட்டு இருந்தது, அவ்வளவுதான் தெரியும். நீ படேல்லை எண்டபடியால்தான் நான் ஓமெண்டனான்."

இது எனக்குத் தெரியாது. மூன்று நாளாக, அவருக்கும் தெரியும், இருவரும் சேர்ந்து ஒன்றை விழுங்கினோம் என்று நினைத்திருந்தேன். விழுங்கியது நான் மட்டும்.

"சனம் சிரிச்சதை விடு. எனக்குச் சொல்லு. பட்டதோ?"

பகிடி ஒன்று வாய்வரை வந்தது. என்ன பகிடி என்று இப்போது ஞாபகமில்லை.

"பட்டது அண்ணை."

நான் சிரிப்பேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"எவ்வளவு?"

"நாலு விரல். விளிம்பிலை மண் இருந்தது. நான்தான் துடைச்சனான்."

கொட்டிலின் கிடுகு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. யோகண்ணை பத்திரத்தை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். மடிப்பு சரியாக அந்த வரியில்.

"ஏன்ரா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"உன்ரை சைக்கிள் ஓடுமோ?"

"பின் ரயர் போயிட்டுது. காத்தடிச்சால் ஓடும். ஏன்?"

"நாளைக்கு விடிய நெல்லியடி. கிண்ணம் என்னட்டைத்தான் கிடக்கு. முதல் சந்திரன். திரும்பி வந்து அதிபர்."

"நானுமோ?"

"கிட்ட நிண்டு பாத்தவன் நீதானே."

கோப்பாய் வழியாக, வல்லை வெளி தாண்டி. போகும்போது சோழகம் முதுகில் தள்ளும். வரும்போது முகத்தில்.

கொண்டுபோக வேண்டியவை: கிண்ணம் (பனையோலைப் பையில், துணி சுற்றி). தண்ணீர்ப் போத்தல். வடைப் பை, மிச்சம் ஏழு. கறைச் சேட்டையே போடலாம் என்று நினைக்கிறேன், சொல்வது இலகு.

சைக்கிள் பம்ப் இந்த ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் இருக்கிறது. பீ.ரீ. மாஸ்டர் வீடு. இப்போதே போய்க் கேட்க வேண்டும். எதற்கென்று கேட்பார்.